ஞானஸ்நானத் தொட்டி வந்த வழி

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றை ஒட்டிய மேட்டில் துரா யூரோபோஸ் என்றொரு பழைய கோட்டை நகரம். கி.பி. 256 வாக்கில் பாரசீக அரசன் முதலாம் ஷாப்பூரின் படை அதை முற்றுகையிட்டது. உள்ளே இருந்த ரோமானிய வீரர்கள் மதிலைப் பலப்படுத்த, அதை ஒட்டியிருந்த வீடுகளுக்குள் மண்ணை வாரிக் கொட்டி நிரப்பினார்கள். அப்படியும் நகரம் விழுந்தது. பிறகு அங்கே ஊர் என்று எதுவும் எழவில்லை. மண் மூடிய வீடுகள் மட்டும் பதினாறு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தன. யேல் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு அறிஞர்களும் சேர்ந்து அகழ்ந்தபோது, 1932இல் அவற்றில் ஒரு வீட்டின் மூலை அறையில் ஒரு தொட்டி வெளிப்பட்டது. இதுவரை கிடைத்திருக்கும் கிறிஸ்தவ ஞானஸ்நானத் தொட்டிகளில் மிகப் பழையது அதுதான்.

வீடு சாதாரண வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். கிறிஸ்தவர்கள் அதைத் தங்கள் தொழுகைக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். இரண்டு அறைகளுக்கு இடையே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கினார்கள். அந்தக் கூடத்தில் அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கைப்பணமும் ஓவியரின் உழைப்பும் தொட்டி இருந்த சின்ன அறைக்கே போயிருக்கின்றன. அறையின் ஒரு கோடியில், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு, ஓர் ஆள் இறங்கி மண்டியிடலாம் என்ற அளவில் தொட்டி. இரண்டு பக்கமும் தூண்கள். சலவைக்கல் போலத் தெரிய வேண்டும் என்று வண்ணம் பூசியிருக்கிறார்கள். தூண்களின் மேல் வளைந்த விதானம், அதன் உட்புறத்தில் நீல வானமும் நட்சத்திரங்களும். குழாயும் வடிகாலும் இல்லை. குடத்தில் கொண்டுவந்து ஊற்றி, குடத்திலேயே இறைத்திருக்க வேண்டும்.

தொட்டிக்குப் பின்சுவரில் ஆட்டைத் தோளில் சுமந்து வரும் மேய்ப்பர். அவர் காலடியில், ஓரமாக, சின்ன உருவங்களாக ஆதாமும் ஏவாளும். பக்கச் சுவர்களில் படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரர், கிணற்றடியில் சமாரியப் பெண், கடலில் அமிழும் பேதுருவுக்குக் கை நீட்டும் இயேசு. கீழ்வரிசையில் தீப்பந்தம் ஏந்திய பெண்கள் ஒரு பெரிய வெள்ளைக் கல்பெட்டியை நோக்கி நடக்கிறார்கள். அது இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களின் காட்சி என்பார் பலர். மணமகனை எதிர்கொள்ளப் போன கன்னிப்பெண்கள் என்பார் சிலர். நான் முதல் கட்சி. அந்தக் காலத்துச் சமாதி மாடங்களைப் போலவே தொட்டியின் விதானம் வளைந்திருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. இறங்க வந்தவர்கள் அந்தப் பெண்களோடு கூடவே கல்லறைக்கு நடந்து, கல்லறை போன்ற ஒன்றில் இறங்கினார்கள்.

தொட்டிக்கு முன்னால் இருந்தது ஆறு. யோவான் யோர்தானில் நின்று திருமுழுக்குக் கொடுப்பதற்கு வெகு முன்பே யூதர்களிடம் சமயக் குளியல் உண்டு. படிகள் வைத்த குளியல் தொட்டிகள் எருசலேமின் வீடுகளில் ஏராளமாக அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அங்கே இறங்குபவர் தாமே மூழ்கித் தாமே எழுவார். காவிரியில் நாம் போடும் மூன்று முழுக்கும் இராமேசுவரத்துக் கடலாடலும் அப்படிப்பட்டவைதான். யோவானிடம் போனவர்களுக்கோ இன்னொருவர் கை வேண்டியிருந்தது. இயேசுவும் அந்தக் கைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். யோவானே தயங்கியதாக மத்தேயு எழுதுகிறார். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாதது ஞானஸ்நானம். அந்தக் கை யாருடையது, யாரைத் தொடலாம், எதனால் தொடலாம் என்ற சண்டைகளைத்தான் இந்தத் தொட்டி போன இடமெல்லாம் பார்த்தது.

பொருளைத் தந்தவர் பவுல். ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: தண்ணீரில் இறங்குகிறவர் கிறிஸ்துவோடு சாகிறார், அடக்கம் பண்ணப்படுகிறார், அவரோடு எழுந்து புது வாழ்வில் நடக்கிறார். அழுக்குப் போகக் கழுவுவது என்ற பொருளும் உண்டு; ஆனால் பவுலின் பேச்சில் சாவே முன்னால் நிற்கிறது. நாலாம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயர் சிரில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு ஆற்றிய உரையில், அந்தத் தண்ணீர் அவர்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் இருந்தது என்றார்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஆதியிலேயே விடை இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாவதின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'திதாக்கே' என்ற சிறு ஒழுங்கு நூல் ஓடும் தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது. அது இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது ஆகாதென்றால் வெதுவெதுப்பானது, இரண்டும் போதிய அளவில் இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று, போதும் என்கிறது. கொடுப்பவரும் பெறுபவரும் முன்னதாக நோன்பிருக்க வேண்டும் என்பதில் மட்டும் இந்த நெகிழ்வு இல்லை. பிற்காலத்தில் மூழ்குவதா, ஊற்றுவதா, தெளிப்பதா என்று சபைகள் பிரிந்து நின்றதைப் பார்க்கும்போது, இந்தப் பழைய நூலின் நிதானம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

மூன்றாம், நாலாம் நூற்றாண்டுகளில் தொட்டியில் இறங்குவது லேசான காரியமாக இல்லை. பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி. தொழில் என்ன, நடத்தை எப்படி என்று விசாரிப்பார்கள். பெரும்பாலும் இயேசு உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்கா இரவில்தான் இறக்குவார்கள். மேற்கே பார்த்து நின்று சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி, கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டு, உடை களைந்து, எண்ணெய் பூசிக்கொண்டு இறங்கினார்கள். மேலே வந்ததும் வெள்ளாடை. சில இடங்களில் பிறந்த குழந்தைக்குப் புகட்டுவதைப் போலப் பாலும் தேனும் கலந்து கொடுத்தார்கள்.

387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் அகுஸ்தீனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அந்த எட்டுமூலைத் தொட்டியின் அடித்தளத்தை இன்றும் மிலான் பேராலயத்தின் கீழே இறங்கிப் பார்க்கலாம். ஏழு நாளில் படைப்பு முடிந்தது. இயேசு உயிர்த்தது அதற்கு அடுத்த நாள், எட்டாம் நாள். அதனால் எட்டு மூலை. ரோமின் லாத்தரன் திருமுழுக்கு மண்டபமும் ஐந்தாம் நூற்றாண்டில் எட்டுமூலையாகவே எழுந்தது.

தொட்டியின் உருவத்தை மாற்றியவை குழந்தைகள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இரண்டாம் நூற்றாண்டின் முடிவிலேயே இருந்தது. அவசரப்பட வேண்டாம் என்று கார்த்தேஜின் தெர்த்துல்லியன் அப்போதே எதிர்த்து எழுதினார். அகுஸ்தீன் ஜென்மபாவத்தைப் பற்றி அழுத்தமாக எழுதிய பிறகு, பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போனால் என்ன ஆகும் என்ற பயம் தாய்தகப்பன்மாரைப் பிடித்துக்கொண்டது. பிறந்தவற்றில் பாதி பெரியதாகாமலே போன காலம் அது. பாஸ்கா வரை காத்திருக்க யாருக்கும் துணிவில்லை. ஐரோப்பாவில் மக்கள் எல்லாருமே கிறிஸ்தவர்களான பிறகு, இறங்குவதற்குப் பெரியவர்களும் இல்லை. தரைக்குக் கீழே இருந்த தொட்டி மேலே ஏறி, பிள்ளையை ஏந்தி நிற்பவரின் இடுப்பளவுக்கு உயர்ந்த கல்கிண்ணமானது. கீழைச் சபைகள் மட்டும் பச்சைக் குழந்தையையும் மூன்று முறை முழுக்குவதை இன்றுவரை விடவில்லை.

பாஸ்காவில் மந்திரித்த தண்ணீரை அந்தக் கிண்ணத்திலேயே வைத்திருப்பது வழக்கம். சூனியம் செய்ய அதைத் திருடிக்கொண்டு போனார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொட்டிகளுக்கு மூடி போட்டுப் பூட்டும்படி கேன்டர்பரி பேராயர் உத்தரவிட்டார். பூட்டுக்காகப் பதித்த இரும்புக் கொக்கியின் வடுவை அந்நாட்டுப் பழைய கோயில்களில் இன்றைக்கும் காணலாம்.

அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பாவில் வார்க்கப்பட்ட அழகான தொட்டி ஒன்று பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் இருக்கிறது. 1107க்கும் 1118க்கும் இடையில் பித்தளையில் வார்த்தது. சாலமோன் ஆலயத்து வெண்கலக் கடலைத் தாங்கிய பன்னிரண்டு எருதுகளை நினைவூட்ட இதற்கும் எருதுகள். பிரெஞ்சுப் புரட்சியின்போது அது இருந்த கோயிலை இடித்தார்கள். தொட்டியை ஒளித்துவைத்துக் காப்பாற்றி, பிறகு புனித பர்த்தலமேயு கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மூடி தொலைந்தது. இரண்டு எருதுகளும் தொலைந்தன. பத்து நிற்கின்றன.

1525 ஜனவரி 21 இரவு, சூரிச் நகரில் ஒரு வீட்டில் கூடியவர்களுக்கு இந்தத் தொட்டிகள் எதுவும் தேவைப்படவில்லை. குழந்தையாக இருந்தபோது தனக்குச் செய்தது விசுவாசமில்லாமல் செய்தது என்று சொல்லி, கியோர்க் பிளவுராக் என்பவர் தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கொன்ராட் கிரேபலிடம் கேட்டார். கிரேபல் கொடுத்தார். பிளவுராக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர் பீலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5 அன்று நகர சபை லிம்மாட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. முழங்காலோடு கைகளைக் கட்டி, படகில் இருந்து தள்ளினார்கள். ஞானஸ்நானத்தின் பேரால் ஒருவரைத் தண்ணீராலேயே கொன்றது, கொன்றவர்களும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களே என்பது, இந்த வரலாற்றின் மிக அவமானமான பக்கம். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆங்கிலேயர் ஜான் ஸ்மித், எந்தச் சபையின் கையும் தூய்மையாக இல்லை என்று கருதித் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். அது அவருக்கே நிலைக்கவில்லை. சில மாதங்களில் தவறென்று உணர்ந்து, மெனோனைட்டுகள் என்ற சபையாரிடம் சேரக் கேட்டார். அவர் கூட்டத்திலிருந்து பிறந்ததே பாப்டிஸ்ட் சபை.

தமிழ்க் கடற்கரைக்கு ஞானஸ்நானம் கூட்டங்கூட்டமாக வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் நடுவில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி ஆயிரக்கணக்கில் பெற்றார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், கொடுத்துக் கொடுத்துத் தம் கை ஓய்ந்துபோவதைக் கடிதத்தில் எழுதினார். ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதியே கொடுத்தார். அங்கே தொட்டி எதுவும் தேவைப்படவில்லை; ஊற்றும் கை மட்டும் இருந்தது.

அந்தக் கையைப் பற்றிய பெரிய வழக்கு மதுரை மிஷனில் எழுந்தது. அன்றைய ரோமைச் சடங்கில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு குரு குழந்தையின் முகத்தில் ஊதுவார், நாவில் உப்பு வைப்பார், தம் எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைப்பார். செவிடனை இயேசு குணமாக்கியபோது எச்சில் கொண்டு தொட்டதன் நினைவு அது. தமிழ்நாட்டில் எச்சில் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சேசு சபைக் குருக்கள் இங்கே எச்சிலையும் ஊதுவதையும் விட்டுவிட்டே ஞானஸ்நானம் கொடுத்துவந்தார்கள். புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704இல் ஆணை பிறப்பித்தார்: எதையும் விடக்கூடாது.

அதன்பின் நாற்பது ஆண்டு ரோமுக்கும் இங்கும் இடையில் விண்ணப்பங்களும் தீர்ப்புகளும் போய்வந்தன. சில காலத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1744இல் பதினாலாம் பெனடிக்ட் பாப்பரசர் முடிவாகத் தீர்த்தார். இந்த வழக்கில் நான் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். பிள்ளையின் மூக்கில் அந்நியர் எச்சில் படுவதை ஒரு தாய் வெறுத்தாள் என்றால் அதில் குற்றம் காண முடியவில்லை. ஆனால் அந்த வெறுப்புக்குள் இன்னொன்றும் பொதிந்திருந்தது. அந்தக் குரு முந்தைய நாள் யார் வீட்டுக்குப் போனார், யாரைத் தொட்டார் என்ற கேள்வி. மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேடத்தில் தனிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று அதற்கு முன்பே பிரித்திருந்தார்கள். அதே தூர்னோனின் ஆணையில், ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே போய் நோயாளிகளுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்பதும் இருந்தது. அதைத்தான் நிறைவேற்றக் கஷ்டப்பட்டார்கள். கடைசியில் அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைக்கிறோம் என்று சமாதானம் ஆனது. எச்சில் 1969ஆம் ஆண்டின் புதிய சடங்கில் உலகமெங்குமே போய்விட்டது. மற்றது போகவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றது. இன்றும் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கல்லறையில் தனிப் பகுதி ஒதுக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அடக்கம் பண்ணப்படுவதுதான் ஞானஸ்நானம் என்று பவுல் எழுதியதை வாசித்த பிறகு, அடக்கம் பண்ணும் இடத்தையே பிரிப்பவர்கள் எதை நம்புகிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

அரசும் தன் பங்குக்கு அந்தத் தண்ணீரைக் கணக்கில் எடுத்தது. 1950இன் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்கள் அல்லாதவரைப் பட்டியலிலிருந்து விலக்கியது. பின்னர் சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. கோயில் பதிவேட்டில் ஒரு வரி ஏறினால் சான்றிதழ் கைவிட்டுப் போகும். சபைக்குள் சாதி போகவில்லை, சபைக்கு வெளியே சாதிக்கான பாதுகாப்புப் போய்விட்டது. இந்த இரட்டை நட்டத்தை ஏற்றுக்கொண்டே இன்னும் தண்ணீரில் இறங்குகிறவர்களுடைய விசுவாசத்தை லேசாக எடைபோடக் கூடாது.

புராட்டஸ்டண்ட் பக்கமும் இதே கதைதான். டேனிஷ் குடியேற்றமான தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்க் வந்த மறு ஆண்டு, 1707 மே மாதம், முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். வங்காளத்தில் இன்னொரு டேனிஷ் குடியேற்றமான செராம்பூரில், 1800 டிசம்பர் 28 அன்று வில்லியம் கேரி, கிருஷ்ண பால் என்ற தச்சரை ஹூக்ளி ஆற்றில் இறக்கினார். கிருஷ்ண பால் அதற்குச் சில நாள் முன்னதாகவே மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். ஊர் கொதித்தது அந்தச் சாப்பாட்டுக்காகத்தான்.

சென்னைக் கோட்டைக்குள் 1680இல் அபிஷேகம் செய்யப்பட்ட புனித மேரி ஆலயத்தில் பல்லாவரத்துக் கருங்கல்லில் செதுக்கிய தொட்டி ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் கல்கத்தா நகரைத் தொடங்கியவர் என்று பேர் வாங்கிய ஜாப் சார்னாக், இந்தியப் பெண்ணிடம் பெற்ற மூன்று மகள்களுக்கும் 1689 ஆகஸ்டில் இங்கேதான் ஞானஸ்நானம் நடந்தது. அவர் இறந்த பிறகு கல்கத்தாவில் எழுப்பிய சமாதிக்கும் பல்லாவரத்திலிருந்தே கல் போனது. இருநூறு ஆண்டு கழித்து, புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னோக்கைட் என்று பேர் வைத்தார். மகள்கள் தண்ணீர் ஏற்ற தொட்டியும் தகப்பனை மூடிய கல்லும் ஒரே மலையின் கல்.

இன்று தமிழ்நாட்டில் தொட்டி மறுபடியும் தரைக்குள் போயிருக்கிறது. பெந்தெகொஸ்தே சபை ஒன்றில், மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே ஓடு பதித்த தொட்டி இருக்கும். இல்லையென்றால் கடல், ஆறு, கிணற்றடி சிமெண்ட் தொட்டி. வெள்ளை உடுத்தியவர் படியில் இறங்கி, நெஞ்சளவோ இடுப்பளவோ தண்ணீரில் நிற்பார். பாஸ்டர் ஒரு கையைப் பிடரிக்குக் கீழே கொடுப்பார். இன்னொரு கை, குவித்திருக்கும் அவர் கைகளைப் பிடித்திருக்கும். ஆண்டவரைச் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டீர்களா என்று கேட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி, பின்பக்கமாகச் சாய்த்து முழுக்கித் தூக்குவார். முழங்காலை மடக்காமல் விறைத்து நிற்பவரைச் சாய்ப்பது கஷ்டம். கனத்த உடம்பென்றால் எதிர்ப்பக்கம் ஓர் உதவியாளர் நிற்பார். எழுந்தவுடன் துண்டோடு அக்காள்மார் படியில் காத்திருப்பார்கள்.

'முழுக்கு எடுத்தாச்சா' என்ற கேள்வி பல சி.எஸ்.ஐ. குடும்பங்களில் மனஸ்தாபத்தில் முடிந்திருக்கிறது. குழந்தையில் தெளித்தது ஞானஸ்நானமே அல்ல என்பார் மகன். அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான், அது பொய்யா என்பார் தாய். கடலில் இறங்கித்தான் மரணத்தின் பொருள் தெரிந்தது என்று மகன் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன். அந்தச் சடங்கின் அர்த்தத்துக்கு முழுக்கே நெருக்கமானது. துராவின் தொட்டி அதைத்தான் சொல்கிறது. ஆனால் குழந்தை எதையும் கேட்காமல், எதையும் கொடுக்க இயலாமல், வேறொருவர் கையில் கிடந்து பெறுகிறதே, அதுவும் அதே அளவு உண்மை. 1982இல் பெரு நாட்டின் லிமா நகரில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி ஏற்ற அறிக்கையும் இரண்டு முறைகளையும் மதித்து, மறுபடி கொடுப்பதாகத் தோன்றும் எதையும் தவிர்க்கச் சொன்னது.

கத்தோலிக்கரிடம் இதற்கெல்லாம் ஒரு படி மேலே போன சட்டம் ஒன்று உண்டு. சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். குருவாக இருக்கத் தேவையில்லை. கிறிஸ்தவராகக்கூட இருக்கத் தேவையில்லை. சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் போதும். இடைக்காலத்தில் மருத்துவச்சிகளுக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்து வைத்தார்கள். பிரசவ வார்டில் ஓர் இந்து நர்ஸ், தாய் கேட்டுக்கொண்டதற்காக, டம்ளர் தண்ணீரைத் தலையில் ஊற்றி மூவொரு கடவுளின் பெயரைச் சொன்னால் அது செல்லும். பிள்ளை பிழைத்துக்கொண்டால் ஞானத்தாய் தகப்பனோடு கோயிலுக்குத் தூக்கி வருவார்கள். பங்குசாமி எண்ணெய் பூசுவார், வெள்ளைத் துணி போர்த்துவார், மெழுகுதிரி கொடுப்பார், பதிவேட்டில் பெயர் எழுதுவார். தண்ணீரை மட்டும் மறுபடி ஊற்ற அவருக்கு அதிகாரமில்லை.